சும்மா எடுக்கும் பாட்டு வகுப்பு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தெரிகிறது. ஏன் நீட்டுகிறான் என்று கேட்கத் தெரியவில்லை. நான் கேட்டால், கிழவனுக்கு எதிலும் சந்தேகம் என்கிறார்கள். ஆமாம், சந்தேகம்தான். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஏரியா அரசுப் பள்ளியில் பெற்றோர் குழுக் கூட்டம். என் மருமகள் யுவராணி அதில் உறுப்பினர். வானகரத்தில் குடோன் வேலை, லீவு கிடைக்கவில்லை. "நீங்க போயி உக்காந்துட்டு வாங்க மாமா. சண்ட மட்டும் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

விஷயம், பாட்டு டீச்சர் மைதிலி. வாரத்தில் மூன்று அரை நாள் வருகிற டீச்சர். சர்க்கார் நிதியைக் குறைக்கிறதாம், அடுத்த வருஷம் பாட்டு டீச்சர் இல்லை என்று பேச்சு. என் பேத்தி சிம்ரன் அங்கே எட்டாவது படிக்கிறது. பாட்டு வகுப்பு இருக்கிற நாளில் யாரும் எழுப்பாமல் எழுந்து குளித்துவிட்டு நிற்கும். மற்ற நாளில் வயிற்றுவலி. பிள்ளை இவ்வளவு ஆசையாகப் போகிறதே, மிட்டாய் கிட்டாய் கொடுக்கிறார்களா என்று ஒரு நாள் காம்பவுண்டுக்கு வெளியே நின்று கேட்டேன். மிட்டாய் ஒன்றும் இல்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடவைக்கிறாள் அந்தப் பெண். அதற்கா இந்த ஓட்டம் என்று எனக்கு விளங்கவில்லை. டீச்சர் போய்விட்டால் வாரம் முழுக்க வயிற்றுவலிதான், அது மட்டும் விளங்கியது.

கூட்டத்துக்கு வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு ஆபீசர் வந்திருந்தார். தலைமையாசிரியை கலைவாணி நிதி நிலைமையைச் சொன்னார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து பாஸ்கல் எழுந்தான்.

பாஸ்கல் எனக்கு வெகுநாள் பழக்கம். அண்ணனூர் மின்சார ரயில் கார் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். அவன் பேத்தி ஃபெபியும் சிம்ரனும் ஒரே வகுப்பு.

"யாரும் கவலப்படாதீங்க. டீச்சர் இல்லாங்காட்டி நான் கீறேன். கீபோர்டு எட்த்தாந்து சும்மாவே சொல்லித்தரேன். ஒத்த பைசா வாணாம்" என்றான்.

ஒரே கைதட்டல். முதலில் தட்டியது ஆபீசர். எனக்கு உறுத்தியது அதுதான்.

குழுத் தலைவி வேம்புலியம்மாள் மட்டும் தட்டவில்லை. "ஏன் பாஸ்கலு, ஏசு பாட்டு சொல்லிக்குடுத்து புள்ளைங்கள சர்ச்சுக்கு இஸ்துகினு பூடுவியா?"

"யாரு, இவனா?" என்றேன் நான். "சொந்தப் பொண்டாட்டி செலினயே காலம்பற பூசைக்கு எழுப்ப முடியல இவனால. உன் புள்ளயயா இஸ்துகினு போவப் போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்கலும் சிரித்தான். "அண்ணாத்தே, நீயாச்சும் எனக்கு சப்போட்டா பேசினியே."

"உனக்கு எவன் பேசினான்? உக்காரு."

சிரிப்புச் சத்தம் அடங்குவதற்குள் ஆபீசர் பேனாவைத் திறந்தார். "அப்ப தீர்மானத்துல இப்படிப் போட்டுக்கலாம். தன்னார்வலர் மூலமா இசை வகுப்பு தொடரும்." டீ கூட இன்னும் வரவில்லை, அதற்குள் என்ன அவசரம்? மைதிலி டீச்சர் சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வாயே திறக்கவில்லை.

நான் எழுந்தேன். மருமகள் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்?

"சார், ஒரு டவுட்டு. சும்மா சொல்லித்தர ஆள் கீறான்னு நீங்க எழுதி அனுப்பினா, மேல கீறவங்க டீச்சருக்கு இன்னாத்துக்கு சம்பளம் குடுக்கப் போறாங்க?"

"பெரியவரே, இது தற்காலிக ஏற்பாடுதான்."

"தற்காலிகம்னா எது வரைக்கும்?"

"நிதி வர்ற வரைக்கும்."

"சும்மா ஆளு கீறப்ப நிதி எப்பிடி சார் வரும்?"

அவர் தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை மின்விசிறியைப் பார்த்தார்.

பாஸ்கலுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லது செய்ய வந்தா இது இன்னா பேச்சு அண்ணாத்தே? அந்தப் பொண்ணு வயித்துல நான் அடிக்கிறேன்றியா?"

"அட்ச்சிகினுதான் கீற. உனக்கே தெரியல. இன்னிக்கு டீச்சர் வரலன்னா ஆபீசுல போயி சட்டையப் புட்ச்சி கேக்கலாம். நீ இடுப்பு வலின்னு ஊட்டுல படுத்துகினா யாரப் போயி கேக்கறது? மாதாவையா?"

யாரும் சிரிக்கவில்லை. பாஸ்கல் டீச்சரிடம், "ஏம்மா, நீயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான்.

"நான் பேசினா சம்பளத்துக்காகப் பேசறேன்னு சொல்வாங்க சார்."

பாஸ்கல் ஆபீசர் பக்கம் திரும்பினான். "என் பேரப் போடாதீங்க சார். டீச்சர் இருந்தா பக்கத்துல உக்காந்து நானும் வாசிக்கிறேன். டீச்சர் இல்லன்னா கீபோர்டு சர்ச்ச உட்டு வராது."

ஆபீசர் எழுதியதை அடித்தார். பாட்டு டீச்சர் வேலை தொடர வேண்டும் என்று வேறு தீர்மானம் போட்டார்கள். வேம்புலியம்மாள் கையெழுத்துப் போட்டாள். மறுபடி கைதட்டல். ஆபீசர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே கேட்டருகே டீச்சர் வந்து, "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள்.

"நன்றி கெடக்கட்டும். நீ வேற எடம் பாத்துகினு கீறியா?"

சுருதிப் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "பூந்தமல்லியில ஒரு பிரைவேட் ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க. இன்னும் சரின்னு சொல்லல."

"எப்ப சொல்லுவ?"

"இங்க என்ன ஆகுதுன்னு பாத்துட்டுதான்."

உண்மையாகவும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு அது தெரியாது. சிம்ரன் வகுப்பு ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தது.

ஆபீசர் பைக்கை எடுத்தார். "கவலப்படாதீங்க பெரியவரே, மேல நானே பேசறேன்."

"என்னிக்கு பேசுவீங்க சார்?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். காதை மூடிவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

பாஸ்கல் பின்னாலேயே ஓடிவந்து தோளில் கை போட்டான். "ஜெயிச்சிட்டோம் அண்ணாத்தே! வா, டீ சாப்டலாம்."

"இன்னாத்த ஜெயிச்சோம்? உன் பேர அட்ச்சாங்க, அவ்ளோதான். டீச்சருக்கு ஆர்டர் வந்தா வந்து சொல்லு, அன்னிக்கு நான் வாங்கித் தரேன்" என்று சொல்லி அவன் கையை எடுத்துவிட்டு, ஸ்டேஷன் பக்கமாக நடந்தேன்.