கம்ப்யூட்டருக்கு வந்த ராக்காய்ச்சல்

முதல் தடவை பெண் கேட்கப் போன பெரியவர்கள் மூவரும் இருபத்தைந்து நிமிடம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். திரும்பினார்கள் என்றால், அஸ்காலே வீட்டு முன்னறையிலிருந்து அஸ்காலே வீட்டுச் சமையலறைக்கு. பெண் வீடு டொரோண்டோவில் இருந்தது. அடிஸ் அபாபாவின் குலேலே பகுதியிலிருந்து அங்கே நடந்து போக முடியாது என்பதால் கம்ப்யூட்டர் வழியாகப் போனார்கள்.

அஸ்காலே முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே மகன் மெஸ்ஃபின் டொரோண்டோவில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான். அவனும் ஹிருத் என்ற பெண்ணும் கல்யாணம் செய்துகொள்வதென்று எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். முடிவு செய்யாதவர் ஹிருத்தின் அப்பா அயலேவ் ஒருவர்தான். இருபத்திரண்டு வருடம் பனியில் கிடந்தும் முறை விஷயத்தில் ஓர் அங்குலம்கூட உருகாத மனிதர் அவர். மகன் வீட்டுப் பெரியவர்கள் வந்து நின்று கேட்க வேண்டும்; தாம் உட்காரச் சொன்னால் சம்மதம், சொல்லும் வரை நிற்க வேண்டும்; மூன்று தடவைக்கு மேல் வரக் கூடாது. போனில் பேசலாமே என்று மெஸ்ஃபின் கேட்டதற்கு, "உள்ளங்கைக்குள்ள அடங்குற சாமான்ல எம்பொண்ணக் கேப்பாங்களா?" என்று முடித்துவிட்டார்.

நேரமும் அவர் குறித்ததுதான். ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போய்ச் சாப்பிட்டு முடித்த பிறகு. அவருக்கு அது பகல் ஒரு மணி. எங்களுக்கு இரவு இரண்டு மணி. எங்கள் ஊரில் பொழுது சாய்ந்ததும் இரவுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இருட்டி இரண்டு மணி நேரம் ஆனால் இரண்டு. கம்ப்யூட்டர் அதையே எட்டு என்று சொல்லும். உலகம் முழுவதும் எட்டு என்றால் உலகத்தின் பாடு.

அந்த முதல் ஞாயிறு, அஸ்காலேயின் ஒன்றுவிட்ட அண்ணன் தெமிஸ்ஸே நடுவில் நின்றார். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிக்காத பழக்கம் அங்கே வந்தது. ஒரு பக்கம் பாதிரியார் மெலாகு. இன்னொரு பக்கம் எதிர்வீட்டுக்காரர். மூவரும் வெள்ளைச் சால்வை போர்த்தியிருந்தார்கள். தெமிஸ்ஸே குல வரலாற்றில் நான்காவது தலைமுறைக்கு வந்தபோது, திரையில் அயலேவ் வாயைத் திறந்தபடி நின்றுபோனார்.

"யோசிக்கிறார்," என்றார் தெமிஸ்ஸே மெதுவாக.

ஏழு நிமிடம் யோசித்தார். வாயை மூடாமல் யோசித்தார். அதற்குள் அந்தப் பக்கத்தில் தெமிஸ்ஸே கண்ணை மூடிய கோலத்தில் நின்றுபோயிருந்தாராம். பையனின் தாத்தா பெயரை அயலேவ் ஐந்து தடவை கேட்டும் பதில் வரவில்லையாம். இதெல்லாம் மறுநாள் மெஸ்ஃபின் சொல்லித்தான் தெரிந்தது.

"கம்ப்யூட்டர் திணறுதும்மா," என்றான் அவன். "டாஸ்க் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு. அதத் திறந்து, சிபியூ எத்தன சதவீதம்னு பாரு."

பார்த்தாள். நான்கு சதவீதம்.

சதவீதம் என்றால் அவளுக்கு ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் மாட்டுகிற கருவி காட்டும் ஆக்ஸிஜன் எண்தான். அது நூறு என்றால் ஆள் நன்றாக இருக்கிறார். தொண்ணூறு என்றால் டாக்டரைக் கூப்பிடு. நான்கு என்று எழுதப்பட்ட நோயாளியை முப்பத்தோரு வருடத்தில் அவள் கண்டதில்லை. அந்த நிலைமையில் யாரும் எண் பார்க்க மாட்டார்கள். இப்படி உயிர் ஊசலாடுகிற யந்திரத்தின் முன்னாலா மூன்று பெரியவர்களை நிறுத்தினோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் மருத்துவமும் கண்டுபிடித்துவிட்டாள். மெஸ்ஃபினின் சின்ன வயதுப் படங்களைத் திறந்தால் எண் இருபதுக்கு ஏறியது. கூடவே ஒரு பக்திப் பாட்டு வீடியோ ஓடவிட்டால் நாற்பது. இரண்டு வீடியோ என்றால் எழுபது. நல்ல மருந்து, உடனே பிடிக்கிறது என்று திருப்திப்பட்டாள்.

இரண்டாவது ஞாயிறு ஒன்றரை மணிக்கே எல்லாவற்றையும் திறந்துவைத்தாள். பாட்டுகளின் சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டாள். இரண்டு மணிக்கு எண் நூறைத் தொட்டது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சமையலறைப் பக்கம் ஒதுங்கினாள். பையனின் அம்மா அந்த இடத்தில் நிற்பது முறையல்ல.

"நூத்துக்கு நூறு இருக்கு அண்ணே. தைரியமாப் பேசுங்க," என்றாள்.

தைரியமாகத்தான் பேசினார்கள். ஆனால் அங்கே கேட்கிற கேள்வி இங்கே வந்து சேர ஒரு நிமிடம் ஆனது. பையன் கோவிலுக்குப் போவானா என்று அயலேவ் கேட்டார். பதில் வராததால் அடுத்ததற்குப் போய், குடிப்பானா என்று கேட்டார். அப்போதுதான் முதல் கேள்வி குலேலேயை வந்தடைந்தது. பாதிரியார் மெலாகு ஓர் அடி முன்னால் வந்தார்.

"தினமும். ஒரு நாள் தவறமாட்டான். சின்ன வயசுல அவனக் கையப் புடிச்சு கூட்டிட்டுப் போய்ப் பழக்குனதே நான்தான்," என்றார்.

அயலேவ் அழைப்பைத் துண்டித்தார். திரை கறுத்தது.

மறுநாள் மெஸ்ஃபின் அழாத குறையாகப் பேசினான். "பாதிரியாரே குடிக்கப் பழக்குனதா அவங்கப்பா வீடு முழுக்கச் சொல்லிட்டிருக்காரும்மா. ஹிருத் நேத்துலேருந்து சாப்பிடல. இன்னும் ஒரே ஒரு தடவதான். அதுவும் போச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டார். ஆமா, அப்ப சிபியூ எவ்வளவு இருந்துச்சு?"

"நூறுடா. கடவுள் புண்ணியத்துல கொஞ்சம்கூடக் குறையல."

"அம்மா. அது ஆக்ஸிஜன் இல்லம்மா. அது எவ்வளவு வேல பார்க்குதுங்கிற கணக்கு. நூறுன்னா தல நிமிர நேரமில்லன்னு அர்த்தம்."

"அப்ப நாலுன்னா?"

"சும்மா உக்காந்திருக்கு. குடுக்குற வேலயச் செய்யும். அதான் நமக்கு நல்லது."

அஸ்காலே இதைத் தெமிஸ்ஸேயிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமில்லை. "நாலு சதவீதம் வேல பார்த்துட்டு முழுச் சம்பளமும் வாங்குன நீதிபதிய எனக்குத் தெரியும். பார்க்க ரொம்பத் தெம்பா இருப்பார்," என்றார்.

தான் ஊட்டிய மருந்துதான் விஷம் என்று தெரிந்தால் ஒரு நர்ஸ் என்ன ஆவாள்? தினமும் காப்பி வறுக்கிற அஸ்காலே அன்று வறுக்கவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. மகன் கல்யாணத்தைத் தானே ஊதி அணைத்துவிட்டோமோ என்று துக்கமாகவும் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. முதல் ஞாயிறு அவள் எந்த வீடியோவையும் திறக்கவில்லை. அன்று ஏன் நின்றது?

பெட்டியைக் கிளறி ஆஸ்பத்திரிக் காலத்துக் காய்ச்சல் அட்டை ஒன்றை எடுத்தாள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். நோயாளி பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, மணிக்கு ஒரு தரம் எண்ணைப் பார்த்துப் புள்ளி வைத்தாள். செவ்வாய் காலை ஆறு சதவீதம், மதியம் நான்கு, பொழுது சாயும்போது ஐந்து. இரவு இரண்டு மணிக்கு நூறு. நான்கு மணி வரை நூறு. பிறகு மறுபடியும் ஐந்து. புதன் அதே.

அட்டையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பகலெல்லாம் சிரித்துப் பேசிவிட்டு, ராத்திரி குறித்த நேரத்துக்கு நடுங்க ஆரம்பிக்கிற எத்தனை பேரை அவள் போர்வை போட்டு அமுக்கிப் பிடித்திருக்கிறாள். குறித்த நேரத்துக்கு வருகிற காய்ச்சலுக்கு உள்ளே ஏதோ ஒன்று காரணமாக இருந்தே தீரும்.

வியாழன் இரண்டு மணிக்கு, மெஸ்ஃபின் போனில் சொல்லச் சொல்ல, பட்டியலில் அதிகமாகத் தின்பது யார் என்று பார்த்தாள். முதல் வரியில் வைரஸ் தேடுகிற புரோகிராம் நின்றது. எண்பத்தெட்டு சதவீதம்.

"அது ஏன் தினமும் அந்த நேரத்துக்கு ஓடுது? யாரும்மா நேரம் வச்சது?" என்றான் மெஸ்ஃபின்.

அஸ்காலேக்கு நினைவு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் கடைக்காரர் நல்ல மனதோடு சொன்னார்: "ராத்திரி எட்டு மணிக்கு வச்சிருங்கம்மா. ஊரே தூங்குற நேரம். உங்களுக்குத் தொந்தரவே இருக்காது." எங்கள் எட்டு மணி என்றால் நாய்கூடத் தூங்கியிருக்கும், நடுநிசி கழிந்து இரண்டு மணி நேரம். அஸ்காலே வீட்டுக்கு வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ராத்திரி எட்டு என்று பொறுப்பாகத் தட்டினாள். அது யாருடைய எட்டு என்று கம்ப்யூட்டரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"நான்தாண்டா," என்றாள் மகனிடம். "வேற யாரு வைப்பா?"

மூன்றாவது ஞாயிறு அவள் படங்களை மூடினாள், பாட்டுகளை மூடினாள், வைரஸ் தேடுவதை நிஜமான நடுநிசிக்குத் தள்ளிவைத்தாள். பெரியவர்கள் நின்று பேச வேண்டும் என்பதால் கம்ப்யூட்டரைப் பாத்திர அலமாரியின் மேல் ஏற்றினாள். முறையாவது ஒன்றாவது என்று அவளும் தெமிஸ்ஸேயின் முதுகுக்குப் பின்னால், எண் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

இரண்டு மணிக்கு அயலேவ் வந்தார். எவ்வளவு தெளிவாக வந்தார் என்றால், சவரம் செய்தபோது விட்டுப்போன இரண்டு வெள்ளை முடிகள் தெரிந்தன. பாதிரியார் முதல் வேலையாகக் குடி விஷயத்தைத் தீர்த்துவைத்தார். தெமிஸ்ஸே, அஸ்காலே விலாவில் இடித்ததன் பேரில், மூன்று தலைமுறையை ஒரே மூச்சில் தாண்டி விஷயத்துக்கு வந்தார்.

"உங்க மகள எங்க மகளாக் கேட்டு வந்திருக்கோம். குடுக்கணும்," என்றார்.

அயலேவ் நின்றுபோனார். கண் அசையவில்லை, உதடு அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் மட்டும் ஒரு சுற்று சுற்றி வந்தது. எதிர்வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். தெமிஸ்ஸே சால்வையைச் சரிசெய்துகொண்டு, "போச்சு. மறுபடியும் மெஷின் படுத்துருச்சு. அந்த ஒயரப் புடுங்கி மாட்டு தங்கச்சி," என்று கையை நீட்டினார்.

அஸ்காலே எண்ணைப் பார்த்தாள். ஒன்பது. மறுபடியும் பார்த்தாள். எட்டு.

அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா நில்லுங்க அண்ணே," என்று காதோரம் சொன்னாள். "மெஷினுக்கு ஒண்ணுமில்ல. அவருதான்."

தெமிஸ்ஸே கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். பெற்ற ஒரு பெண்ணைக் கொடு என்று கேட்டால் ஒரு மனிதன் இப்படித்தான் நின்றுபோவான் என்று அஸ்காலேக்குத் தெரிந்தது. விமான நிலையத்தில் மெஸ்ஃபின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பிறகு அவளும் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு இதே மாதிரி நின்றிருக்கிறாள். அந்த முரட்டு மனிதர் மேல் அவளுக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

அயலேவ் மூக்கை உறிஞ்சினார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"உக்காருங்க," என்றார்.

மூன்று வாரமாக நின்ற கால்கள் அல்லவா, மூவரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். அலமாரி மேலிருந்த கம்ப்யூட்டரின் கண்ணுக்கு அவ்வளவு கீழே எட்டாது. டொரோண்டோவில் அயலேவின் திரையில் வெறும் சுவரும், முறைப்படி அங்கே இருக்கக் கூடாத ஒரு பெண்ணும் மட்டும் மிஞ்சினார்கள்.

"ஐயோ, எல்லாரும் போயிட்டாங்களே," என்று தடுமாறினார் அவர். "திரும்பவும் நின்னுருச்சா? நான் சொன்னது அங்க கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு அண்ணே," என்றாள் அஸ்காலே. "உக்காந்துட்டாங்க."