கடலுக்காக ஒரு பிரமாணப் பத்திரம்

கடலடியில் எடுத்த வீடியோக்களைப் பார்த்து அதில் தெரியும் உயிர்களை எண்ணுவதுதான் ரமீஜாவின் வேலை. சென்னையில் ஒரு தனியார் நிறுவனம். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில், சேற்றின்மேல் உருளைக்கிழங்கு அளவில் உலோகக் கற்கள் கிடந்தன. அவற்றை அள்ள அந்த நிறுவனம் ஒரு கப்பலிலிருந்து இயந்திரத்தை இறக்கிச் சோதித்தது. அள்ளுவதற்கு முன் எடுத்த படத்தில் கடல் அட்டைகள் ஊர்ந்தன. கற்களைப் பற்றிக்கொண்டு கண்ணாடி போன்ற கடற்பஞ்சுகள் நின்றன. பதினான்கு மாதம் கழித்து எடுத்த படத்தில் இயந்திரத்தின் தடம் நேற்றுப் பதிந்ததுபோல் இருந்தது. அசைவது எதுவும் இல்லை.

அறிக்கையில் அப்படியேதான் எழுதினாள். மேலாளர் கூப்பிட்டு, அந்த இடத்தில் 'படம் தெளிவில்லை' என்று மாற்றச் சொன்னார். அதே வாரம்தான் அவள் தம்பி ஃபயாஸுக்கு அந்தக் கப்பலில் வேலை உறுதியாக வேண்டியிருந்தது. அவள்தான் சிபாரிசு செய்திருந்தாள். மாற்றினாள், கையெழுத்தும் போட்டாள்.

வேலை ஒப்பந்தம் முடிந்து சொந்த ஊரான ராஜபாளையம் வந்த மறுவருடம், ஆழ்கடலில் கனிமம் எடுப்பதைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா வந்தது. நாடாளுமன்றக் குழு மக்களிடம் கருத்துக் கேட்டது. 'கடலுக்குப் பாதிப்பில்லை, இந்தச் சட்டம் தேவையில்லை' என்று நிறுவனம் கொடுத்த மனுவை இணையத்தில் படித்தாள். ஆதாரமாக வைத்திருந்த அறிக்கையின் அடியில் அவள் பெயர் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதினாள்.

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். கோர்ட் பக்கத்தில் நோட்டரி வக்கீல் பால்சாமி அவள் கொண்டுவந்த தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இங்க எல்லாரும் வரப்புத் தகராறுக்கு வாராக. நீ கடலுக்கு வந்திருக்க. கம்பெனிக்காரன் கேஸ் போடுவானே, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு நீயே எழுதிருக்க. இனி எவன் வேலை குடுப்பான்?"

"குடுக்க மாட்டாக. முத்திரை போடுங்க சார்."

பிரமாணப் பத்திரத்தையும் மாற்றுவதற்கு முன் எடுத்துவைத்திருந்த கணக்கையும் சேர்த்துக் குழுவுக்கு அனுப்பினாள். தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் கப்பல் கரைக்கு வந்ததும் ஃபயாஸை வேலையிலிருந்து நீக்கி இறக்கிவிட்டார்கள். வீட்டு வாசலிலேயே பையை வைத்துவிட்டு அவளிடம் கேட்டான்.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னியா?"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்ட."

"விட்டிருக்க மாட்டேன்தான். நானுந்தான் பாத்தேன்க்கா. கல்லோட சேந்து அந்த உசுரெல்லாம் வெள்ளை வெள்ளையா மேல வரும். தண்ணிப் பைப்பை வச்சு அடிச்சுத் தள்ளுன்னுவான் சூப்பர்வைசர். தள்ளினேன். அதுக்காகக் கெடைச்ச சோத்தை விட்டுருவாகளா?"

அம்மா நூர்னிசா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். யார் பக்கம் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சட்டம் நிறைவேறியது. புதிதாக யாருக்கும் அனுமதி கிடையாது என்றது. ஏற்கெனவே அனுமதி பெற்ற பகுதிகளுக்கு விலக்கு என்றது கடைசிப் பிரிவு. அந்த நிறுவனத்தின் இடம் விலக்கில் இருந்தது. குழுவின் அறிக்கையில் ரமீஜாவின் பத்திரம் பின்னிணைப்பில் ஒரு வரியாக வந்தது. அவள்மேல் போட்ட வழக்கு மட்டும் நடந்துகொண்டிருந்தது.

ஆறு மாதம் ஃபயாஸ் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு வெளிநாட்டுக் கப்பலில் வேலை கிடைத்தது. மகனை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட அத்தா அபுதாஹிர் கிளம்பியபோது அவளும் கூடப் போனாள்.

"அங்கயும் அந்த மெஷின்தானாலே?" என்று கேட்டாள்.

"ஆமா. எனக்குத் தெரிஞ்சது அதான்." கொஞ்சம் தயங்கினான். "அந்த நாட்டுல இதுக்கு எந்தச் சட்டமும் கெடையாதாம்."

அவன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தான். பஸ் திரும்பும்போது அத்தா கையை உயர்த்தினார். ஃபயாஸ் அவருக்கு மட்டும் கையாட்டினான்.