மூன்றாம் போர்ஷனில் வடியாத தண்ணீர்

விம்கோ நகர் ரயில்வே லைனுக்குப் பின்னால், கிருஷ்ணப்பனுக்குச் சொந்தமான ஏழு போர்ஷன் கட்டடத்தில், மூன்றாம் போர்ஷனில் மட்டும் புயல் வெள்ளம் இரண்டு வருடம் மூன்று மாதம் வடியாமல் நின்றது. கதவு திறந்தேதான் இருந்தது. நெஞ்சளவுத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலத்தோடு, வாசற்படியில் கண்ணாடி வைத்ததுபோல் நின்றதே தவிர ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. மாநகராட்சி ஆட்கள் மோட்டார் வைத்து இரண்டு நாள் இறைத்துப் பார்த்தார்கள். குழாயில் காற்றுதான் வந்தது. மூன்றாம் நாள் டீசல் தீர்ந்ததும் மோட்டாரை ஏற்றிக்கொண்டு எர்ணாவூர் பக்கம் போய்விட்டார்கள்.

அதில் குடியிருந்தவர்கள் செங்கொடி, அவள் கணவன் தேசப்பன், எட்டாவது படிக்கும் மகள் மாயா. தேசப்பனுக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கப்பலோடு கம்பி போட்டுக் கட்டும் வேலை. செங்கொடி காசிமேட்டில் இறால் உரித்தாள். அங்கே குடிவந்த பதினோரு வருடத்தில் அவர்கள் சேர்த்தது ஒரு ஃபிரிட்ஜ், பீரோ, கட்டில், கிரைண்டர், அப்புறம் சில்லறைச் சாமான்கள். புயலுக்கு முந்தைய ஆடியில், எம்.கே.பி. நகரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் நர்மதா, வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் சாமான்களுக்கு பாலிசி போடலாம், வருடத்துக்கு ஒரு சேலை விலைதான் ஆகும் என்று ஏழு வாசலிலும் சொல்லிப் பார்த்தாள். தேசப்பன் சிரித்தார்.

“ஓனரு பில்டிங்குக்கே போட்டுக்கீறாரும்மா. அப்பறம் நமக்கு இன்னாத்துக்கு?”

“அது அவரு செவுத்துக்குண்ணா. உள்ள கீற உங்க பொருளு பூட்சுன்னா அதுல சல்லி வராது.”

“செவுரு நின்னா பொருளும் நிக்கும். போம்மா, வெயில் ஏறுது.”

மற்ற ஆறு போர்ஷன்காரர்களும் அப்படித்தான் நம்பினார்கள். நர்மதா ஒரு கையெழுத்தும் வாங்காமல் திரும்பிப் போனாள்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை பகலில் தண்ணீர் வந்தது. தேசப்பன் மனைவியையும் மகளையும் மொட்டைமாடியில் விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். முதல் தடவை மாயாவின் சான்றிதழ்ப் பையோடு வந்தார். இரண்டாம் தடவை மிக்ஸியோடு வந்தார். “போதும்யா, மேலயே இரு” என்று செங்கொடி சட்டையைப் பிடித்தாள். “ஃபிரிட்ஜு தவணை போன மாசந்தான்டி முடிஞ்சுது” என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு மூன்றாம் தடவை இறங்கினார். தெருவில் தண்ணீர் வடிந்தபின் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, பத்துக்குப் பன்னிரண்டு அறையைப் பகல் முழுக்கத் துழாவினார்கள். ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஜனவரியில் சின்னதாக ஒரு மழை பெய்தது. அன்று மூன்றாம் போர்ஷன் வாசற்படியில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. கொஞ்சமும் நனையவில்லை. ஒயர் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் ஒரு சாமான் வந்தது. கல்யாண போட்டோ வந்தது. அரிசி டிரம் வந்தது. ஒரு கோடை மழையில் சீலிங் ஃபேன் வந்தது, அதன் திருகாணிகள் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு. தண்ணீரிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு கைகள் நீண்டு, சாமானைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போகும். கம்பி அறுத்த தழும்பை வைத்து அவை யாருடையவை என்று செங்கொடிக்குத் தெரிந்தது. முதல் வருடம் அந்தக் கைகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இரண்டாம் வருடம் நகங்கள் இல்லை.

ஐந்தாம் போர்ஷன் ராஜாத்தியின் சாமான்கள் மொத்தமும் குப்பை லாரியில் போயிருந்தன. “ஐய, உனுக்காவது உள்ள இருந்துகினு எடுத்துக் குடுக்க ஆளு கீது. எங்கூட்டு ஆளு வெளிய இருந்துகினே ஒரு கொடம் தூக்க மாட்டான்” என்றாள். கிருஷ்ணப்பனுக்கு இழப்பீடு வந்தது. ஆறு போர்ஷன்களுக்கும் பூச்சு பூசி வர்ணம் அடித்தார். செங்கொடிக்கும் மாயாவுக்கும் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் அறையை வாடகைக்குக் கொடுத்தார். மூன்றாம் போர்ஷனுக்கும் வாடகையை நிறுத்தவில்லை. “தண்ணி நின்னா இன்னாம்மா? சாமான் உள்ள கீது. ஆளும் உள்ள கீறான்” என்றார். செங்கொடி இரண்டையும் கட்டினாள்.

சின்னச் சாமான்கள் தீர்ந்தன. அதற்குப் பிறகு மழை பெய்தால் உள்ளே ஃபிரிட்ஜைத் தனி ஆளாகத் தூக்குவதும் கீழே விடுவதுமான சத்தம் மட்டும் கேட்டது. ஒருநாள் செங்கொடி படியில் குந்தி உட்கார்ந்து சொன்னாள்: “வுட்டுட்டு வாயா. எல்லாம் நாசமாப் போவட்டும்.” ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. அதற்குள் தேசப்பனின் குரல் இருந்தது. “வுட்டுட்டு வந்தா, எவன் வாங்கித் தருவான்?” கதவோரமாக அவர் பிடிமானத்துக்கு நீட்டிய கையில் இரண்டு விரல்கள் குறைந்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். மறுநாள் நர்மதாவுக்கு போன் செய்தாள்.

நர்மதா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரியோடு வந்தாள். அவர் படியில் வந்து சேர்ந்த சாமான்களைத் தொட்டுப் பார்த்து, ‘ஈரம் இல்லை’ என்று எழுதினார். உள்ளே டார்ச் அடித்து, ஃபிரிட்ஜும் பீரோவும் பழுதில்லாமல் இருப்பதைக் குறித்துக்கொண்டார். தீ விபத்துக்கு வாய்ப்புக் குறைவு என்றும் ஒரு வரி சேர்த்தார். போகும்போதுதான், உள்ளே இருக்கும் ஆளுக்கு இந்த பாலிசியில் ஒன்றும் கிடையாது, பொருளுக்கு மட்டும்தான் என்று எச்சரித்தார்.

“பொருளுக்குப் போட்டா போதும் சார்” என்றாள் செங்கொடி. “ஆளு தன்னால வந்துடுவாரு.”

பாலிசி பங்குனியில் தபாலில் வந்தது. அன்று தூறிக்கொண்டிருந்தது. செங்கொடி படியில் உட்கார்ந்து பட்டியலைச் சத்தமாகப் படித்தாள். ஃபிரிட்ஜ் என்றதும் உள்ளே சத்தம் நின்றது. பீரோ, கட்டில் என்று படித்தாள். ஒரு குமிழி உடைந்தது.

“கிரைண்டரு?”

“அதுவும் கீதுய்யா.”

“ஓனரு பேர்ல போட்டுகினியா?”

“என் பேர்ல.”

பிறகு தேசப்பன் வெறுங்கையோடு வெளியே வந்தார். படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மாயா எவ்வளவு உயரம் ஆகியிருக்கிறாள் என்று கேட்டார். செங்கொடி எழுந்து நின்று தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அவள் திரும்பிப் பார்த்தபோது இறந்திருந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, செத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று எழுதினார். திருவொற்றியூர் இடுகாட்டில் அன்று மாலையே புதைத்தார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் மூன்றாம் போர்ஷனில் தண்ணீர் மொத்தமாக வடிந்திருந்தது. காவலுக்கு ஆள் இல்லாததால் ஃபிரிட்ஜ் துருப்பிடித்திருந்தது, பீரோ கையில் பிய்ந்து வந்தது. அதிகாரி வந்து, காரணம் வெள்ளம் என்று எழுதிப்போனார். ஆறு வாரத்தில் பணம் வந்தது.

அந்த வருடமே மற்ற ஆறு போர்ஷன்காரர்களும் நர்மதாவிடம் கையெழுத்துப் போட்டார்கள். டிசம்பரில் மறுபடி புயல் வந்தது. எல்லோரும் வெறுங்கையோடு மாடிக்கு ஏறினார்கள். ராஜாத்தி தலைகளை எண்ணினாள். மழை நிற்கும்வரை யாரும் கீழே இறங்கவில்லை.