நிற்பவர்களை மட்டும் எண்ணவும்

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. சட்டசபையில் சுருக்கெழுத்தராக இருக்கும் என் அண்ணி, துணி மடித்துக்கொண்டே சொன்னது. கேட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: ‘விபத்து நடந்த அன்று வானம் இருண்டு…’ (வேண்டாம். வானத்தைப் பற்றி அண்ணி ஒன்றும் சொல்லவில்லை.)

2
அண்ணி சொன்ன அந்த அம்மா முன்பு பஸ் கண்டக்டர். பஸ் கவிழ்ந்து முதுகெலும்பு உடைந்தது. போலீஸ் வரட்டும் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடத்திவிட்டார்கள். அந்தத் தாமதத்தில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. பிறகு சக்கர நாற்காலியில் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டார். மாடியில் இருந்தவர்களைக் கீழே வரச் சொன்னார், வந்தார்கள். இரண்டு முறை எம்.எல்.ஏ.

(இப்படியும் ஒரு மனுஷியா? அழவே மாட்டாரா? சந்தேகப்பட்டு அண்ணியைக் கேட்டேன். தினமும் குளிப்பாட்டும்போது அழுவாராம், வீட்டுக்காரரே சொன்னாராம். அதற்குப் பிறகுதான் நம்பினேன்.)

3
அடிபட்டவரைப் போலீசுக்காகக் காக்க வைக்காமல் உடனே கவனிக்க வேண்டும் என்று அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அன்று ஓட்டெடுப்பு. அந்தச் சபையில் எழுந்து நிற்பவர்களைத்தான் எண்ணுவார்கள், பழைய விதி. எதிர்த்தவர்களை எண்ணியாயிற்று. ஆதரித்து எழுந்தவர்களும் சரிசமம்; சமமானால் அங்கே மசோதா தோற்றதாகவே கணக்கு. மிச்சம் அவர் ஒருவர், நாற்காலியில் கையைத் தூக்கியபடி.

உட்கார்ந்திருப்பவர் ஓட்டு செல்லாது என்றார் எதிர்வரிசைக்காரர் ஒருவர். சபாநாயகர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, சங்கடத்தோடு ஆமாம் என்றார்.

“நான் தேர்தல்ல நின்னுதாங்க இங்க வந்தேன். ரெண்டு தடவை நின்னேன். அப்ப யாரும் என் காலைப் பாக்கல. இப்பவும் நிக்கிறேன். எண்ணுங்க.”

அண்ணி அதைச் சொல் மாறாமல் குறித்துக்கொண்டாராம். பத்திரிகையில் நான் எத்தனை தேர்தல் செய்தியில் ‘நிற்கிறார்’ என்று அந்தச் சொல்லை எழுதியிருப்பேன்! அது இவ்வளவு பெரியது என்று தெரியாமல் போயிற்று.

4
கதைக்கு நான் யோசித்த முடிவுகள்:

(அ) நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி அவர் மெல்ல… (அடித்துவிட்டேன். அவர் அற்புதம் கேட்கவில்லை, எண்ணச் சொன்னார்.)

(ஆ) ஆதரித்தவர்கள் எல்லோரும் அவருக்காக உட்கார்ந்துவிடுகிறார்கள். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் மசோதா தோற்றுவிடும், அவருக்கு அந்த மரியாதை எதற்கு?

(இ) உண்மையில் நடந்தது. அண்ணி சொல்ல வாயெடுத்தார், நான் தடுத்துவிட்டேன்.

சபாநாயகர் நாற்காலியில் இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள். விதிப் புத்தகம் மடியில் இருக்கிறது. அவர் கையை இன்னும் இறக்கவில்லை. நீங்கள் எண்ணும்வரை இறக்கவும் மாட்டார்.