அத்திப்பழத்துக்கு அடியில்

1

இந்தக் கதையை நான் திருடினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வம்பு வேண்டாம். மெக்சிகோ நாட்டின் புவெப்லா நகரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் குக்காவின் ரொட்டிக் கடையில், ஒரு கையில் தகரத் தட்டும் மறு கையில் இடுக்கியுமாக, சர்க்கரை மூடிய பன்களில் எது இப்போதுதான் அடுப்பிலிருந்து வந்தது என்று நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஃபெர்மீன் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. சரி, கேட்டேன். பத்தொன்பது வருஷமாக இந்தத் தெருவில் குடியிருப்பவனுக்கு அந்த உரிமைகூடவா இல்லை?

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[எரிமலையின் உச்சியில் புகை மெல்லச் சுருண்டுகொண்டிருந்த அந்த ஜனவரிக் காலையில், நகரம்...]

சீச்சீ. எரிமலை அது பாட்டுக்குப் புகையட்டும். இங்கே யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

2

ஃபெர்மீன் சைக்கிள் கடைக்காரர். அறுபத்தொரு வயது. மனைவி இல்லை. ஒரே மகள் நொயெமி, ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்தானவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் கல்யாணத்துக்கே போகாமல் வீம்பு பிடித்தவர். அன்றிலிருந்து மூன்று வருஷமாக அவள் அவர் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. ஜனவரி ஆறாம் தேதிப் பண்டிகைக்கு மட்டும் அத்தை ஒஃபேலியா வீட்டுக்கு ரோஸ்கா வெட்ட வருவாள். அப்பாவும் அங்கே இருப்பார். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

ரோஸ்கா என்பது வளையமாகச் சுட்ட பெரிய ரொட்டி. மேலே சர்க்கரைப்பாகில் ஊறிய பழங்கள், உள்ளே எங்கோ கட்டைவிரல் அளவு ஒரு பொம்மைக் குழந்தை. அவரவர் துண்டை அவரவரே வெட்ட வேண்டும். பொம்மை கிடைத்தவர் பிப்ரவரி இரண்டாம் தேதி மேஜையில் இருந்த அத்தனை பேரையும் தன் வீட்டுக்கு அழைத்துத் தமால்* போட வேண்டும். பகையாளியானாலும் அந்த அழைப்பைத் தட்டுகிற வழக்கம் கிடையாது. செலவுக்குப் பயந்து பொம்மையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு முழிப்பவர்கள் உண்டு. அவசரத்தில் முழுங்கியவர்களும் உண்டு.

(* சோளமாவைச் சோளக்கதிரின் தோலில் சுற்றி வேகவைப்பது. நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். கொழுக்கட்டைக் கட்சியினர் சண்டைக்கு வர வேண்டாம்.)

3

"குக்கா, ஒஃபேலியா வீட்டுக்கு வாங்கிட்டுப் போற ரோஸ்காவுல பொம்மை எங்க இருக்குன்னு எனக்கு மட்டும் சொல்லு" என்று கேட்டார் ஃபெர்மீன்.

என் முதல் பிரதியில் குக்கா உடனே சம்மதித்துவிட்டாள். அதை அவளிடமே படித்துக் காட்டினேன். மாவுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு ஒரு பிடி பிடித்தாள்.

"ஏன் தம்பி, நான் அவ்வளவு சல்லிசா? ரொட்டி ஆறினதும் திரும்பி நின்னு அடியில கீறி நானே செருகுறேன். அஞ்சு நிமிஷத்துல எனக்கே மறந்துடும். முப்பது வருஷமா யாருக்கும் சொன்னதில்ல. அடிச்சு எழுது!"

அடித்து எழுதினேன். நடந்ததும் அப்படித்தான்.

"யோவ், போய் சைக்கிளுக்குக் காத்தடி. என் ரொட்டியில பொம்மைக்கு விலாசம் கிடையாது."

ஃபெர்மீன் நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் கூப்பிட்டா அவ வரமாட்டா, குக்கா. பொம்மை கூப்பிட்டா வருவா."

குக்காவின் மனம் மாறியதை விளக்கி இருபது வரி எழுதி வைத்திருந்தேன். கருணை, தாய்மை, என்னென்னவோ. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். அவள் கேட்டது இவ்வளவுதான்:

"எந்தப் பழத்துக்கு அடியில?"

"அத்திப்பழம். எங்க வீட்ல அதை யாரும் தொடமாட்டாங்க."

4

இதற்குப் பிறகு நடந்தது நான் நேரில் பார்க்காதது. ஆனாலும் எனக்குத் தெரியும். கதை எழுதுபவனுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

ஒஃபேலியா வீட்டு மேஜை. சாக்லேட் பால் ஆவி பறக்கிறது. ரோஸ்காவில் ஒரே ஒரு அத்திப்பழம், அது ஃபெர்மீனுக்கு நேர் எதிரே இருக்கும்படி அவரே தட்டைத் திருப்பி வைத்திருக்கிறார். கத்திக்குக் கை நீட்டினார். ஒஃபேலியா தட்டிவிட்டாள்.

"அலையாதே அண்ணா! தூரத்துலேர்ந்து வந்தவ முதல்ல வெட்டட்டும். நொயெமி, இந்தா."

நொயெமி கத்தியை வாங்கினாள். கை யோசிக்கவே இல்லை. நேராக அத்திப்பழத்துக்குப் போனது.

அப்போதுதான் அந்த மனுஷனுக்கு உறைத்தது. அவள் சின்னப்பெண்ணாக இருந்தபோது ஒவ்வொரு ஜனவரியும் தன் துண்டிலிருந்த அத்திப்பழத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தவர் அவர்தான். மூன்று வருஷம் தனியாகச் சாப்பிட்டதில் மகளுக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்துபோயிருக்கிறது! எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. அப்புறம் பாவமாகவும் இருந்தது.

நொயெமி கடித்தாள். தாடை நின்றது. எதையோ மெல்லக் கன்னத்துக்கு ஒதுக்கினாள். சாக்லேட்டை உறிஞ்சினாள். யாரும் கவனிக்கவில்லை, அப்பாவைத் தவிர.

5

ஃபெர்மீனைத் தவிர மற்றவர்களும் வெட்டினார்கள். மிச்சமிருந்த துண்டையும் ஒஃபேலியா புரட்டிப் பார்த்தாள். பொம்மை இல்லை. "எந்தத் திருடன் அமுக்கினான்? எல்லாரும் வாயைத் திறங்க!" என்று ஒஃபேலியா கரண்டியால் மேஜையைத் தட்டினாள்.

முடிவு அ: ஃபெர்மீன் மகளைக் காட்டிக்கொடுக்கிறார். அவள் வேறு வழியில்லாமல் அவரையும் தன் வீட்டுக்கு அழைக்கிறாள். அவர் போகிறார், புருஷன்காரனைப் பார்த்து [வேண்டாம். கட்டாயத்தில் கிடைக்கும் தமால் தொண்டையில் இறங்காது.]

முடிவு ஆ: அவர் பேசாமல் இருக்கிறார். அடுத்த ஜனவரியும் இதே மேஜை, இதே மௌனம். [இதற்காகவா இவ்வளவு மெனக்கெட்டேன்?]

நான் எழுதியது இது. ஃபெர்மீன் எழுந்து நின்றார்.

"என்கிட்டதான் இருந்துச்சு. முழுங்கிட்டேன்."

"நீ இன்னும் வெட்டவே இல்லையே!"

"கீழ விழுந்த துணுக்கை எடுத்துத் தின்னேன். அதுல இருந்துச்சு. ரெண்டாம் தேதி எங்க வீட்ல தமால். எல்லாரும் வரணும். நொயெமியோட வீட்டுக்காரரும் வரணும். நான்... அவர் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணும்."

ஒஃபேலியாதான் முதலில் சுதாரித்தாள். "சரி, கணக்கு எடுத்துடுவோம். யார் யார் வர்றீங்க? ஒவ்வொருத்தரா வாயால சொல்லணும், தலையாட்டக் கூடாது!"

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் நொயெமி.

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். பயத்தில் இல்லை. இதற்கு மேல் என் வேலை இல்லை, அவ்வளவுதான். அவள் நாற்காலியில் இனி நீங்கள் உட்காருங்கள். கன்னத்தில் பொம்மை. எதிரே, பொய் சொல்லிவிட்டு நிற்கிற அப்பா. வாயைத் திறந்தால் அவர் குட்டு உடைந்தாலும் உடையும்.

அத்தை கேட்கிறாள். சொல்லுங்கள், வருவீர்களா?