நான்கு அங்குலப் பெருமை

கரங்கானில் ஜைனலின் பட்டறை. திவாகரனின் பழைய எஸ்யூவி வண்டி தூக்கும் மேடையின் மேல் ஆளுயரத்தில் நின்றது. அதன் வயிற்றுக்கடியில் நின்ற ஜைனல், முன் சக்கரத்தருகே வளைந்து கிடந்த கறுப்பு ரப்பர் குழாயை விரலால் சுண்டிக் காட்டினான்.

“பிரேக் ஹோஸ். வண்டிய ரெண்டு இன்ச் தூக்கினா இதுக்கும் நீளம் வேணும். பினாங்குலேர்ந்து வரணும். மூணு நாளு.”

“மூணு நாளா? ஞாயித்துக்கெழம கான்வாய் இருக்குடா. இருக்கறதையே வச்சு ஓட்டிடலாம் லா.”

“ஏன், உன் மூச்சுக்குழாய பாதி வெட்டிட்டு மீதிய வச்சு ஓட்டிப் பாரேன்!”

இருவரும் ஒரே பள்ளிக்கூட பெஞ்சு. அந்த உரிமையில்தான் பேச்சு.

திவாகரன் பாடாங் மேஹா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், வேலையாட்களின் மேற்பார்வையாளன். போன மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டியின் வயிறு வரை தண்ணீர் ஏறியது. கிளினிக் வேன் பாதி வழியில் திரும்பிப் போனது. அதனால் வண்டியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியது அவசியம்தான். ஜைனல் கணக்காகச் சொல்லியிருந்தான்: இரண்டு அங்குலம் போதும், டயர் ஒரு சுற்று பெரிது, மட்கார்டில் உரசாத அளவு, நீள ஹோஸ், சக்கர அலைன்மெண்ட், கடைசியில் சோதனை நிலையத்தில் முறைப்படி வண்டிச் சோதனை.

பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த சசிதரன் சிரித்தான். மெர்கோங்கிலிருந்து வந்திருந்தான். உயர்த்திய வண்டிகளில் ஊர்வலம் போகும் கான்வாய்க் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

“ரெண்டு இன்ச்சா? அலாமா! மண்டோரே, அது கிரேட்டாவைத் தூக்கறது இல்ல, வண்டிக்கு விக்கல் எடுக்கறது!”

“தோட்டத்து ரோட்டுக்கு அது போதும் சசி...” என்று இழுத்தான் திவாகரன்.

“நாலு இன்ச்சு! முப்பத்திமூணு இன்ச்சு டயரு! எனக்குத் தெரிஞ்ச கடையில ஒரே நாள் வேலை. ஹோஸ் எல்லாம் மாத்த வேணாம், கம்பெனிக்காரனே நீளமாத்தான் வச்சிருப்பான். போலே லா, முடியும்!”

“சோதனையில கேப்பாங்களே?”

சசிதரன் கண்ணடித்தான். “வண்டியைக் கொண்டு போனாத்தான கேப்பான்? ஏஜெண்ட் ஒருத்தன் இருக்கான். கொஞ்சம் கோப்பி டுயிட், அதான் காப்பிக் காசு, குடு. முத்திரை தானா வந்து ஃபாரத்துல உக்காரும். செனாங், சுலபம்!”

ஜைனல் கையைத் துணியில் துடைத்தான். “நாலு இன்ச்சுக்கு நான் கை வைக்க மாட்டேன். முத்திரை பேப்பர்லதான் விழும், திவா. பிரேக்ல விழாது.”

ஜைனல் சொல்வது சரி என்று திவாகரனுக்குத் தெரியும். ஆனால் வெளியே சசிதரனின் வண்டி, பக்கத்து லாரியோடு தோள் உரசுகிற உயரத்தில் பளபளத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த கண்ணுக்கு இரண்டு அங்குலம் வெறும் விக்கலாகத்தான் பட்டது.

சனிக்கிழமை நான்கு அங்குலம் ஏறிவிட்டது. திங்கட்கிழமை முத்திரையும் வந்துவிட்டது. கதவுப் பிடியைப் பற்றி, காலைத் தூக்க முடியாமல் திணறிய மனைவி நளினி, “ஏறறதுக்கு ஏணி குடுக்கலயா? சோதனையெல்லாம் முடிஞ்சுதா?” என்றாள்.

“இந்தா, பாரு.” காகிதத்தை நீட்டினான். நளினி நம்பினாள்.

வியாழக்கிழமை நண்பகல். மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்திருந்தது. தோட்டத்தின் பன்னிரண்டாம் பகுதியிலிருந்து ஓர் அலறல். திவாகரன் ஓடினான்.

வெட்டிப்போட்ட செம்பனை மட்டைகளை நிரைகளுக்கு நடுவே அடுக்குகிற வேலை புஷ்பவள்ளிக்கு. இருபது வருட அனுபவம். இன்றைக்கு ஒரு மட்டைக்கு அடியில் நாகம் இருந்தது. வலது புறங்கையில் இரண்டு புள்ளிகள்.

“நல்ல பாம்புதான் தம்பி. படம் எடுத்துச்சு, பாத்தேன்” என்றாள். குரல் நடுங்கவில்லை. நெற்றி மட்டும் வியர்த்திருந்தது.

“அசையாதீங்க அக்கா!” ஒரு குச்சியை வைத்து, கை ஆடாதபடி துண்டால் தளர்வாகக் கட்டினான். கிளினிக்குக்குப் போன் போட்டான். சாலையில் தண்ணீர், வேன் உள்ளே வராது. கூலிம் ஆஸ்பத்திரிக்கு எப்படியும் அரை மணி நேரம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அவனுடைய வண்டி ஒன்றுதான்.

இரண்டு பேராகத் தூக்கி அவளை முன் இருக்கையில் ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கியது. அந்த உயரம் அப்போதே ஒரு நிமிடத்தைத் தின்றது.

எஸ்யூவி சேற்றைக் கிழித்துப் பாய்ந்தது. பெரிய டயர்கள் தண்ணீரை அலட்சியமாகத் தாண்டின. ‘பார்த்தியா, நாலு இன்ச்சுதான் காப்பாத்துது’ என்று மனதுக்குள் ஒரு குரல். அடுத்த விநாடி, மழை அறுத்துப் போட்ட பள்ளத்தில் இடது முன் சக்கரம் தொங்கி விழுந்தது. அடியில் ‘டப்’பென்று ஒரு சத்தம்.

கல்லாக இருக்கும் என்று நினைத்தான்.

“தம்பி... கண்ணு இமை கனக்குது” என்றாள் புஷ்பவள்ளி.

விஷம் ஏறத் தொடங்கிவிட்டது. திவாகரன் வேகத்தைக் கூட்டினான். மேடு முடிந்து இறக்கம் வந்தது. நீளமான செம்மண் இறக்கம், கீழே கூர்மையான வளைவு, வளைவை ஒட்டிப் பெருக்கெடுத்து ஓடும் ஓடை. பிரேக்கில் கால் வைத்தான்.

மிதி மெத்தென்று இறங்கியது. மறுபடி மிதித்தான். தரையைத் தொட்டது.

ஜைனலின் விரல் அந்த ரப்பர் குழாயைச் சுண்டியது கண்முன் மின்னியது. பள்ளத்தில் சக்கரம் தொங்கியபோது, நீளம் போதாத ஹோஸ் இழுபட்டு அறுந்திருக்கிறது!

கியரைத் தாழ்த்தினான். எஞ்சின் அலறியது. கைப்பிரேக்கை இழுத்தான். பின் சக்கரங்கள் வழுக்கின. கனமான டயர்கள் சேற்றில் சறுக்கிக்கொண்டே இறங்கின. ஓடையின் பழுப்பு நுரை தெரியத் தொடங்கியது.

“என்னா தம்பி?”

“பிரேக் இல்ல அக்கா!”

புஷ்பவள்ளி கனத்த இமைகளை நிமிர்த்தி வெளியே பார்த்தாள். அந்தச் சரிவின் ஒவ்வொரு நிரையும் அவள் கை பட்டது.

“எடது பக்கம்... வளஞ்ச மரம் தெரியுதா? அதுக்கு அடுத்த நெரை. நேத்துதான் மட்டை அடுக்குனேன், இடுப்பு ஒசரம். அதுல விடு!”

“மரத்துல மோதிட்டா?”

“நடுவுல மரம் இல்ல. விடுடா!”

திவாகரன் ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி இரண்டு சக்கரத்தில் சாய்ந்தது. கவிழப்போகிறது என்று நினைத்த கணத்தில் திரும்ப நிமிர்ந்து, மட்டைக் குவியலுக்குள் புகுந்தது. சடசடவென்று மட்டைகள் நொறுங்கின. முள் கண்ணாடியைக் கீறியது. பத்தடி, இருபதடி... ஒரு குலுக்கலுடன் நின்றது. சாலையில் இன்னும் முப்பதடி போயிருந்தால் ஓடை.

திவாகரன் ஹார்னை விடாமல் அழுத்தினான். கீழே செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்த லாரியிலிருந்து ஓட்டுநர் அம்மாசி ஓடி வந்தான். புஷ்பவள்ளியை இருவரும் தூக்கிப்போய் லாரியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது அவளுக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. “இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா மூச்சு நின்னிருக்கும்” என்றார் டாக்டர்.

மறுநாள் மாலை. வார்டில் புஷ்பவள்ளி கண் திறந்திருந்தாள். கை தலையணை போல வீங்கியிருந்தது. திவாகரன் தலைகுனிந்து எல்லாவற்றையும் சொன்னான்: ஹோஸ், ஏஜெண்ட், முத்திரை, எல்லாம்.

அப்போது சசிதரனின் போன் வந்தது. திவாகரன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டதும் சசிதரன் கொட்டினான்.

“மண்டோரே, ஆளுக்கு ஒண்ணும் ஆகலல்ல? நல்லதாப் போச்சு. அந்த முத்திரை பேப்பர் இருக்கில்ல, அத வச்சு இன்சூரன்ஸ்ல கேளு. சோதனை பாஸான வண்டி, பிரேக் தானா போச்சுன்னு சொல்லு. யாருக்குத் தெரியப்போவுது?”

திவாகரன் வாய் திறப்பதற்குள் புஷ்பவள்ளி இடது கையை நீட்டினாள். “அந்தப் போனக் குடு.”

“யாரு?” என்றான் சசிதரன்.

“மட்டை அடுக்கறவ. ஏஜெண்டுக்குக் கோப்பி டுயிட் குடுத்தீங்க, சரி. அந்த எறக்கத்துல வாங்கிக்கறதுக்கு எவன்டா நின்னான்? ஓடைக்கு எவ்வளவு குடுத்திருப்ப, சொல்லு?”

பக்கத்துக் கட்டில்காரி, ‘அப்படிக் கேளு’ என்பது போல் தலையாட்டினாள். மறுமுனையில் சசிதரன் போனைத் துண்டித்தான்.

அடுத்த வாரம் ஜைனலின் பட்டறையில் எஸ்யூவி மறுபடி தூக்கும் மேடையில் நின்றது. அறுந்த ஹோஸை ஜைனல் மேசை மேல் போட்டான். அதுவே திவாகரனுக்குக் கன்னத்தில் விழுந்த அறை.

“ரெண்டு இன்ச்சுதான்டா. டயரும் நீ சொன்னதே. ஹோஸ் வர்ற வரைக்கும் பஸ்ல போறேன்.”

“முத்திரை?”

“அந்தப் பேப்பரையும் ஏஜெண்ட் பேரையும் காலையில சோதனை ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். என்மேல கேஸ் போட்டாலும் போடட்டும். இந்தத் தடவ சோதனைக்கு நானே வண்டியைக் கொண்டு போறேன்.”

“தைரியம் வந்துடுச்சு போல?”

“பயம் வந்துடுச்சுடா” என்றான் திவாகரன். “சோதனைங்கறது நம்மளப் புடிக்க வச்ச வலைன்னு நெனச்சேன். அது நம்ம வண்டியில ஏறறவங்க உசுரோட எறங்கணும்னு வச்சது. அதுக்குக் காசு குடுத்துத் தப்பிக்கறவன் ஆபீசரை ஏமாத்தல, பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கறவங்களத்தான் ஏமாத்தறான்.”