யானைகளுக்கு முன்னால் வரும் பாட்டு

“உலகத்துல இருக்கற யானை பூரா இப்ப என் பாட்டுக்குத்தான் அடியெடுத்து வைக்குது. நான் வாயை மூடினேன்னா அதுங்க நின்ன இடத்துலயே நின்னு பட்டினி கெடந்து சாகும்,” என்றார் டோட்சே.

சவரக்கடையில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டா என்ற ஏரியின் கரையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற டோட்சே, ஒருமுறை முதலையிடம் வழி கேட்டு, அது சொன்ன வழி தப்பாக இருந்ததால் திரும்பிப் போய் அதைத் திட்டிவிட்டு வந்தவர். யானை எம்மாத்திரம்?

நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்த அஹியாபோர் மட்டும் மெல்லச் சிரித்தார். நாளைக் காலை சபையில் அவரை மூப்பராக ஏற்றப்போகிறார்கள். அதற்குத்தான் இந்தச் சவரம். பக்கத்து பெஞ்சில், வடக்கேயிருந்து புதிதாக வந்த பாஸ்டர் தன் முறைக்குக் காத்திருந்தார். வாசலில் அஹியாபோரின் மனைவி டெலாலி, தலையிலிருந்த பொரித்த மீன் பேசினை இறக்கிக்கொண்டிருந்தாள்.

தொலைக்காட்சியில் யானைப் படம் தொடங்கியது. முதலில் மத்தளம். பிறகு ஐம்பது வயலின்கள் சேர்ந்து ஒரு மெட்டை இழுத்தன.

சவரக்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது. கடையிலிருந்த நரைத்த தலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின. டோட்சே எழுந்து, வயலினோடு சேர்ந்து பாடினார்:

“ஏரி முழங்கால் ஆழம், அஹியாபோர் பயம் பனை உயரம்!
படகு கவிழ்ந்து போச்சு, பெண்டாட்டி தோளே படகாச்சு!”

கடை குலுங்கியது. சிரிப்பில் கூரைத் தகரம் கழன்று ஏரிக்குள் விழுந்தது என்று டோட்சே பிற்பாடு சொன்னார்.

“என்ன பாட்டுய்யா இது?” என்றார் பாஸ்டர்.

டோட்சேக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் காலத்தில் மேலத்தெருவும் கீழத்தெருவும் எதிரெதிரே உட்கார்ந்து வசைப்பாட்டுப் போட்டி நடத்தும். வசை பாடப்படுகிறவன் எழுந்து போகக் கூடாது. கடைசிவரை கேட்டுவிட்டு, அடுத்த வாரம் பதில் பாட வேண்டும். படகு கவிழ்ந்தபோது கீழத்தெரு அஹியாபோர் கர்ப்பிணி மனைவியின் தோளில் ஏறித் தப்பினார் என்று மேலத்தெரு டோட்சே கட்டியதுதான் இது. ஒரு புட்டி ஜின்னைக் கூலியாக வாங்கிக்கொண்டு, ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்த வெள்ளைக்காரனுக்கும் பாடிக் கொடுத்திருந்தார்; அந்த மெட்டுதான் இப்போது யானைகளுக்கு முன்னால் வருகிறது. ஆனால் கீழத்தெருவின் முறை வருவதற்குள் மண்டைகள் உடைந்து, போலீஸ் வந்து, போட்டிக்கே தடை விழுந்துவிட்டது. அஹியாபோரின் பதில் நாற்பது வருஷமாகத் தொண்டையிலேயே கிடந்தது.

ஒன்றை மட்டும் டோட்சே சொல்லவில்லை. படகு கவிழ்ந்ததை அவர் பார்த்ததில்லை. நண்டு பிடிக்கிற ஒருவன் தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொன்னதைக் கைகால் வைத்து நிமிர்த்திவிட்டவர் அவர்தான்.

பாஸ்டரின் முகம் மாறியது. “அஹியாபோர், நாளைக்கு உங்களை பீடத்துக்கு முன்னால நிறுத்தப்போறேன். கர்ப்பிணிப் பொண்டாட்டி மேல ஏறித் தப்பிச்ச ஆளுன்னு ஊரே சிரிச்சா நான் என்ன பண்றது? உண்மையைச் சொல்லுங்க.”

அஹியாபோர் வாய் திறக்குமுன் டெலாலி முந்திக்கொண்டாள். “அய்யா, இந்த மனுஷன் பேச்சைக் கேக்காதீங்க. இது அந்தப் பாட்டே இல்ல. யானைக்கு வேற மெட்டு. அந்தக் கதையும் பொய். நடக்கவே இல்ல. படகுல இருந்தது நாங்க ரெண்டு பேர்தான். நான் சொல்றேன்ல?”

அந்தக் கதை நடக்கவே இல்லை என்றுதான் நாற்பது வருஷமாக அவள் சொல்லிவருகிறாள். கிணற்றடியில், சந்தையில், பிரசவ வீட்டில் யார் கேட்டாலும் இதே பதில். ஊர் சிரிக்கும், ஆனால் நடந்ததுதான் என்று சத்தியம் செய்ய ஒருவரும் துணியமாட்டார்கள். பாஸ்டரும் பெருமூச்சு விட்டார். “அம்மாவே சொல்லிட்டாங்க. அப்புறம் என்ன?”

அங்கேயே முடிந்திருக்கும். டோட்சேயால் விட முடியவில்லை. “பாவம், இன்னிக்கும் அவதான் தூக்கிட்டு நிக்கிறா! யோவ் அஹியாபோர், கீழத்தெருவுல ஆம்பளையே இல்லையா? உன் முறை இன்னும் பாக்கியிருக்குய்யா. பாடேன், பாப்போம்!”

அஹியாபோர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். ஒரு கன்னம் வழவழ, ஒரு கன்னம் நுரை. கழுத்துத் துணியை உதறிவிட்டு, அதே மெட்டில் எடுத்தார்:

“கத்தினது யாரு, கழுத்தைக் கட்டினது யாரு?
என் தலைமேல ஏறினா எருமை, நான் சுமந்தேன் அவளோட பெருமை!”

கடை மறுபடி குலுங்கியது. டோட்சேகூட தொடையைத் தட்டினார். நல்ல அடி, நாற்பது வருஷம் ஊறிய அடி. சிரிப்பின் ருசி கண்ட அஹியாபோர், இடுப்பை வளைத்து, தண்ணீரில் அலறும் பொம்பளையைப்போல நடித்தும் காட்டினார்.

“ஆக, ஏறினது அவங்களா?” என்றார் பாஸ்டர்.

“பின்ன? அவமேல பழி வரக்கூடாதுன்னு இத்தனை வருஷமா நான் வாயைத் திறக்கல. கேளுங்க, அவளையே கேளுங்க!”

எல்லோரும் திரும்பினார்கள். டெலாலி கையிலிருந்த மீனைப் பேசினில் போட்டாள். முந்தானையில் விரல் விரலாக எண்ணெயைத் துடைத்தாள்.  ஒரு நொடி, டோட்சே தன் பாட்டு முழுப் பொய்யாகவே இருந்துவிடட்டும் என்று நினைத்தார்.

“இது அந்தப் பாட்டுதான், அய்யா,” என்றாள் அவள். “நடந்ததும் நடந்ததுதான். தோள்ல இல்ல, டோட்சே அண்ணே, தலையில நின்னாரு. என் மூஞ்சி சேத்துக்குள்ள இருந்துச்சு.”